ஆற்றோரக் கண்டத்தில் பெரிய உழவு இயந்திரத்தை இறக்க வேண்டாம்

அனுப்புநர்:
திருமதி பாலசுந்தரி வினாயகமூர்த்தி,
வாய்க்கால் வீதி, வம்மியடித்துறை,
பழுகாமம் வழி, மட்டக்களப்பு.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மீள்குடியேற்ற வாழ்வாதாரத் திட்டம், விவசாய இயந்திரப் பிரிவு,
மட்டக்களப்பு.

விடயம்: வம்மியடித்துறை பெரியதாழ்வு வட்டைக்கு வழங்கப்பட்ட நான்கு சில்லு உழவு இயந்திரத்தை ஆற்றோரக் கண்டத்துக்குள் இறக்கக் கூடாதெனக் கட்டளை கோருதலும், அதற்குப் பதிலாகக் கை உழவு இயந்திரங்கள் இரண்டை மாற்றிக்கொள்ள அனுமதி கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த மாரிப் போகத்தின்போது மேற்படி இயந்திரத்தின் கீழ் அகப்பட்டு இறந்த சாரதி வினாயகமூர்த்தியின் மனைவி நான். தங்கள் பிரிவின் அறிக்கையில் அவருடைய பெயர் இருக்கிறது, என் பெயர் இல்லை. ஆகையால் நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, என் மருமகனின் உயிரைக் காப்பாற்றித் தருமாறு கேட்டு இதை எழுதுகிறேன். தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சாதாரண தரம் வரை படித்தவள், எழுதித் தர ஆள் தேடிப் போகவில்லை.

1. எங்கள் வட்டை, அதாவது ஊர் வயல் முழுவதும், வீதிப் பக்கம் உயர்ந்தும் வாவிப் பக்கம் தாழ்ந்தும் கிடப்பது. வீதிப் பக்கத்தை மேட்டுக் கண்டம் என்றும் வாவியை நாங்கள் ஆறென்றே சொல்வதால் வாவிப் பக்கத்தை ஆற்றோரக் கண்டம் என்றும் சொல்லுவோம். மேட்டுக் கண்டத்தில் மழைக்கு முன்னரே புழுதியாக உழுது விதைக்கலாம். ஆற்றோரக் கண்டம் அப்படியல்ல. அங்கே கோடையிலும் காலை வைத்தால் ஈரம் ஏறும். மழை விழுந்து சேறானபின் உழுதால்தான் புல் சாகும். சேற்றுக்கு அடியில் இறுகிய ஒரு படை மண் இருக்கிறது. மனிதர் நின்றாலும் எருமை நின்றாலும் அந்தப் படையில்தான் கால் நிற்கும். அது உடைந்தால் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தவர் எங்கள் ஊரில் இல்லை.

2. இடம்பெயர்வதற்கு முன் எங்களிடம் ஒரு கை உழவு இயந்திரம் இருந்தது. பின்னால் நடந்துகொண்டே பிடித்து உழுவது. எல்லோரும் லேண்ட்மாஸ்டர் என்றே சொல்லுவார்கள். டயருக்குப் பதிலாக இரும்புச் சில்லுப் போட்டு என் கணவர் ஆற்றோரக் கண்டம் முழுவதையும் அதில்தான் உழுதார். 2007இல் செல்லடி தொடங்க உடுத்த உடுப்போடு ஓடினோம். திரும்பி வந்தபோது அதன் கைபிடி மட்டும் கோடிப்புறத்தில் கிடந்தது. இயந்திரத்தை யார் கொண்டுபோனார்கள் என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கிற காலமும் அதுவல்ல.

3. அதற்கு முன்னரே எங்கள் மூத்த மகன் துசாந்தன் சுனாமியில் போய்விட்டான். விடுமுறைக்கு நாவலடியில் உறவினர் வீட்டில் போய் நின்றவன். பிள்ளையின் உடல் கிடைக்கவில்லை. இப்போது நெல் சூடடிக்க வரும் பெரிய இயந்திரத்துக்கு ஊர்ப் பொடியன்கள் சுனாமி என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். பொடியன்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பெயரை மட்டும் நான் வாயால் சொல்வதில்லை. மிச்சமிருப்பவள் மகள் உசாந்தி ஒருத்திதான்.

4. மீள்குடியேறிய பின்னர் ஒரு நிறுவனம் வந்தது. நிறுவனத்தின் பெயர் தங்களுக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. கடற்கரைப் பக்கம் சுனாமிக்காகச் செய்த திட்டத்தில் மிஞ்சியதை வாவிக்கு இக்கரையில் உள்ளவர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னார்கள். வந்த பிள்ளைகள் எங்களிடம் எத்தனை தோணி இழந்தீர்கள், எத்தனை வலை இழந்தீர்கள் என்று கேட்டார்கள். தோணி இல்லை தம்பி, மெசின் போனது என்றோம். இழப்பு என்ற இடத்தில் மெசின் என்று குறித்துக்கொண்டார்கள். என்ன மெசின், எந்த மண்ணுக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் கை உழவு இயந்திரம்தான் வேண்டும் என்று எல்லோரும் கையுயர்த்தினோம். வந்து இறங்கியதோ யானை மாதிரி நான்கு சில்லு இயந்திரம்.

5. பொய் சொல்லக் கூடாது ஐயா. அது வந்த அன்று எங்களுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் பறிகொடுத்தே பழகிய ஊருக்கு முதன்முதலாக ஒன்று வந்து சேர்ந்தது. மாலை போட்டோம், தேங்காய் உடைத்தோம், சிறுவர்களைப் பின்னால் கொளுவிய பெட்டியில் ஏற்றி ஊரைச் சுற்றி வந்தோம். என் கணவர் தன் சாரத்தாலேயே அதன் முகப்பைத் துடைத்தார். இது ஆற்றோரக் கண்டத்துக்குப் பாரம் என்று அன்றிரவு சாப்பிடும்போது என்னிடம் ஒரு சொல் சொன்னார். வெளியில் சொல்லவில்லை. தந்ததைக் குறை சொன்னால் இதுவும் இல்லாமல் போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

6. பழக்குவதற்கு என்று ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நின்று பொறுமையாகச் சொன்னார், ஆனால் சிங்களத்தில் சொன்னார். மொழிபெயர்க்க நிறுவனம் அனுப்பிய பிள்ளைக்குச் சிங்களம் தெரியும், இயந்திரம் தெரியாது. அவர் பின்சில்லைக் காட்டிக் கையை மேலே தூக்கி நெடுநேரம் ஏதோ விளக்கினார். பிள்ளை, “பின்னுக்குக் கவனமா இருக்கட்டாம்” என்று முடித்துவிட்டது. நாங்களும் தலையாட்டினோம். அவர் அப்போது என்ன சொல்லியிருப்பார் என்பது என் கணவர் இறந்தபின்தான் எனக்கு விளங்கியது.

7. மேட்டுக் கண்டத்தில் இந்த இயந்திரம் அருமையாக வேலை செய்தது. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். கை இயந்திரத்தில் நாட்கணக்காக இழுபடும் உழவை ஒரே மூச்சில் முடித்தது. மழைக்கு முன்னரே விதைத்து முடித்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று பொட்டு வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் நிறுவனத்தின் நிபந்தனை வேறாக இருந்தது. எங்கள் விவசாயிகள் சங்கத்து அங்கத்தவர் அனைவருடைய காணியும் இந்த இயந்திரத்தினால் உழப்பட்டதென்று காட்ட வேண்டும், அல்லாவிட்டால் பயன்படுத்தவில்லை என்று திருப்பி எடுப்போம் என்றார்கள். ஆகையால் மழை விழுந்து சேறு ஊறிய பிறகு ஆற்றோரக் கண்டத்துக்கும் இறக்கினார்கள். வரம்பு கட்டிப் பிரித்த சிறிய வரவைகளுக்குள் அதைத் திருப்ப இடம் போதாது. வரம்பை உடைத்து உடைத்துத்தான் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனது. உழுத நேரத்தைவிட இழுத்து எடுத்த நேரமே அதிகம். டீசல் தண்ணீராய்ப் போனது. பின்னர் வரம்பு கட்டிக் கட்டியே பெண்களுக்கு இடுப்பு முறிந்தது.

8. சம்பவ தினத்தன்று நான் சோற்றுப் பெட்டியோடு வரம்பில் நின்றேன். பின்சில்லுகள் இரண்டும் அச்சுவரை புதைந்திருந்தன. கை இயந்திரம் புதைந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒரு மரக்குற்றியைச் சில்லோடு குறுக்காகக் கட்டிவிட்டால், சில்லு குற்றியை மிதித்துக்கொண்டு மேலே ஏறிவிடும். என் கணவர் இருபது வருடமாகச் செய்த வேலை. கலப்பையைக் கழற்றி வைத்தார், குற்றியைப் பின்சில்லுகளோடு சங்கிலியால் கட்டினார், ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “இஞ்ச பாரு, ஒள்ளுப்பம் தள்ளி நில்லு. சேறடிக்கும்” என்றார். நான் தள்ளி நின்றேன். குற்றி சேற்றில் குத்திக்கொண்டதால் சில்லுகள் சுற்றவில்லை. சில்லு சுற்றாதபோது, சுற்ற வேண்டிய பலத்துக்கு இயந்திரத்தின் உடலே கிளம்பியது. முன்பக்கம் மேலே எழும்பியது. ஐயோ என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அப்படியே மல்லாக்காக அவர்மேல் விழுந்தது.

9. அது முழங்கால் அளவு சேறு, ஐயா. அவருடைய ஒரு கை மட்டும் வெளியில் தெரிந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அது என் கையை இறுக்கிப் பிடித்தது, பிறகு பிடிக்கவில்லை. ஆட்கள் ஓடி வந்து தூக்கப் பார்த்தார்கள், அசைக்கவும் முடியவில்லை. பக்கத்து வட்டையில் வேலைக்கு வந்திருந்த ஓட்டமாவடி ஆதம்பாவா காக்கா சங்கிலியும் தன் இயந்திரமுமாக வந்துதான் இழுத்துப் புரட்டினார். அவரே சேற்றுக்குள் குனிந்து என் கணவரின் முகத்தைக் கழுவினார். அந்த மனிதரின் தாடியெல்லாம் சேறு, கண்ணெல்லாம் கண்ணீர்.

10. தங்கள் பிரிவின் அறிக்கையில் இதற்குக் காரணம் “சாரதியின் கவனயீனம்” என்று இரண்டு சொல்லில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய உத்தியோகத்தர் வீதியிலேயே வாகனத்தை நிறுத்திவிட்டுத் திரும்பியவர். வயலுக்கு இறங்கினால் சப்பாத்துப் பழுதாகிவிடும், அதையும் நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் மனைவியின் சேலையில் சேறு படும் என்று பார்த்த மனிதர் கவனயீனமானவர் அல்ல. சின்ன இயந்திரத்தில் பழகிய கையை, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் பெரிய இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்த வேலையை அவர் செய்தார்.

11. நான் இப்போது எழுதுவதற்குக் காரணம் நடந்து முடிந்தது அல்ல, நடக்கப் போவது. இந்த மாரிக்கும் அதே இயந்திரத்தை ஆற்றோரக் கண்டத்தில் இறக்குவதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. இந்தப் போகமும் எல்லாக் காணியையும் உழுது காட்டாவிட்டால் இயந்திரத்தை எடுத்துவிடுவோம் என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. அதை ஓட்டுவதற்கு ஊரில் லைசன் உள்ளவர் ஒருவர்தான். அவர் என் மகளின் கணவர் கிருஷாந்.

12. கிருஷாந் கொழும்புப் பக்கம் மணல் லொறி ஓடிய பிள்ளை. வீதியில் அவரைப் போல ஓட்டுபவர் இல்லை என்றுகூடச் சொல்லலாம். சேற்றில் ஒரு நாளும் இறங்கியதில்லை. நான் வேண்டாம் என்றேன். “மாமி, நான் பாரவண்டி ஓடின ஆள். பாத்து ஓடுவன். நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க” என்கிறார். மகளிடம் சொன்னால் அவள், “அவர மறிக்காதீங்கம்மா, வேற ஆரு இஞ்ச வேல தரப்போறா” என்று அழுகிறாள். அவளுக்கு இது நிறைமாதம். என் சொல் அந்த வீட்டில் எடுபடவில்லை. அரச முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் எடுபடும்.

13. போன வருடத்தைவிட இந்த வருடம் ஆபத்து அதிகம் என்பதையும் அறியத் தருகிறேன். போன முறை அந்தப் பாரம் ஏறி ஏறி, மேலே சொன்ன இறுகிய படை பல இடங்களில் உடைந்து போயிருக்கிறது. வரவைகளில் தண்ணீர் நிற்பதில்லை, ஊறிக் கீழே இறங்குகிறது. அதனாலேயே சென்ற போகம் அந்தப் பக்கத்தில் பாதி பயிர் பதராகப் போனது. இந்த ஆவணியில் சங்கத் தலைவர் வேலப்போடியாருடைய எருமை ஒன்று வழமையாக நடக்கிற இடத்திலேயே வயிறுவரை இறங்கிவிட்டது. பலகை போட்டு எடுத்தோம். எருமைக்குத் தெரியாத சேறு இப்போது அங்கே இருக்கிறது. கிருஷாந்துக்கு எப்படித் தெரியும்?

14. சங்கத் தலைவர் வேலப்போடியாரைத் தாங்கள் குறை நினைக்க வேண்டாம். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். “புள்ள, இதையும் கொண்டு போயிட்டானுகளெண்டா மறுகா ஆரிட்டப் போய்க் கேக்கிற?” என்று என்னிடம் கேட்டார். மேட்டுக் கண்டத்துக்காரரின் உழவும் அதோடு போய்விடும் என்பது அவருடைய கவலை. அது நியாயமான கவலைதான்.

15. ஆதம்பாவா காக்கா இயந்திரம் திருத்துகிறவர், வாங்கி விற்கிறவர். அவரிடம் போய் ஒரு வழி கேட்டேன். “தங்கச்சி, மெசின்ல பிழையில்ல. கொண்டந்து விட்ட எடந்தான் பிழ. எங்கட பக்கம் மேட்டுக் காணிக்காரனுக்கு இதக் குடுத்தா கண்ணுல ஒத்திக்குவான்” என்றார். பெரிய இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, நல்ல நிலையிலுள்ள கை உழவு இயந்திரங்கள் இரண்டை இரும்புச் சில்லுகளோடு தருவதற்கு அவர் தயார். ஒன்று மேட்டுக்கும் ஒன்று ஆற்றோரத்துக்குமாக இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஒன்று பழுதானாலும் மற்றது நிற்காது. வரம்பும் உடையாது, படையும் மெல்ல மெல்ல மறுபடி இறுகும். புதைந்தாலும் மூன்று பேர் பிடித்துத் தூக்கிவிடலாம். என் கணவர்மேல் விழுந்தது அந்த மூன்று பேரால் தூக்கக்கூடியதாக இருந்திருந்தால் நான் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். தடையாக இருப்பது நன்கொடைப் பொருளைக் கைமாற்றக் கூடாதென்ற நிபந்தனை ஒன்றுதான். அதைத் தளர்த்தும் அதிகாரம் தங்களிடம் இருப்பதாக அறிகிறேன்.

16. ஆகவே தங்களிடம் நான் தயவாய்க் கேட்பது:

அ. மேற்படி இயந்திரத்தை ஆற்றோரக் கண்டத்துக்குள் இறக்கக் கூடாதென்று சங்கத்துக்கு எழுத்தில் உடனே கட்டளை அனுப்ப வேண்டும்.

ஆ. அதைக் கை உழவு இயந்திரங்களாக மாற்றிக்கொள்ள அனுமதி தர வேண்டும். மாற்றுவதற்குக் காலம் பிடிக்குமானால், அதுவரை மேட்டுக் கண்டத்தில் மட்டும் ஓடினாலும் பயன்படுத்தியதாகவே கொள்ளப்படும் என்று நிறுவனத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இ. என் கணவரைப் பற்றிய அந்த இரண்டு சொல்லை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும். இதைக் கடைசியில் எழுதுகிறேன். இறந்தவர் காத்திருப்பார்.

17. இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் முன்கூட்டியே தெரிவிப்பது என் கடமை. ஆற்றோரக் கண்டத்தில் ஏர் இறக்க வருகிற வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் முதல் உழவுக்குப் போகும்போது முழுவியளம் பார்ப்பார்கள். எதிரில் முதலில் வருவது யார் என்பது பெரிய காரியம். கைம்பெண் எதிர்ப்பட்டால் அன்றைக்கு ஏர் இறங்காது. மாட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பிய காலம் போய் இப்போது சாவியைக் கழற்றிக்கொண்டு திரும்புகிறார்கள், மற்றபடி மாற்றமில்லை. போன வருடம்வரை நானும் மற்றக் கைம்பெண்களைப் பார்த்து ஒதுங்கி நடந்தவள்தான். இப்போது என்னைக் கண்டு ஒதுங்குகிறார்கள். வேலப்போடியார் மிகவும் கூச்சத்தோடு வந்து, “அண்டைக்கு மட்டும் ஒள்ளுப்பம் வீட்டுக்குள்ள இரு புள்ள” என்று கேட்டார். நான் ஓம் என்று சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து வேறு சொல்ல முடியவில்லை.

18. அந்தச் சொல்லை நான் காப்பாற்றப் போவதில்லை. தங்கள் கட்டளை வராவிட்டால், வெள்ளிக்கிழமை விடியமுன் வெள்ளைச் சேலையோடு போய், இயந்திரம் வயலுக்கு இறங்குகிற வாய்க்கால் வாயில் உட்காருவேன். எங்கள் ஊரில் எவரும் என்னைத் தாண்டி இயந்திரத்தை ஓட்டமாட்டார்கள், கிருஷாந்தும் ஓட்டமாட்டார். அவர்கள் வேறு நாள் பார்த்தால் அந்த நாளும் போய் உட்காருவேன். ஊர் என்னைத் திட்டும். வட்டை தரிசாய்க் கிடந்ததற்கு மூதேவி நான்தான் என்று சொல்லும். மகள் என்னோடு பேசாமல் விடுவாள். பேசாமல் விடட்டும், புருசனோடு இருந்துகொண்டு பேசாமல் விடட்டும். பொலிசாரை அனுப்பி என்னைத் தூக்க வேண்டிய சிரமம் யாருக்கும் வரக் கூடாதென்பதற்காகவே இதை இப்போது எழுதுகிறேன். தங்கள் கட்டளை வியாழக்கிழமைக்குள் வந்து சேர்ந்தால் நான் வீட்டுக்குள்ளேயே இருந்துகொள்வேன்.

தங்கள் மறுமொழியை எதிர்பார்த்து,

பா. வினாயகமூர்த்தி
(பாலசுந்தரி வினாயகமூர்த்தி)

இடம்: வம்மியடித்துறை
திகதி: 2010.10.09